கண்ணாடிக் கல் நடந்த வழி

துருக்கியின் வரைபடத்தை விரித்து இரண்டு புள்ளிகள் வையுங்கள். முதல் புள்ளி கப்படோக்கியா மேட்டுநிலத்தில் இருக்கும் கோல்லு தாக். துருக்கி மொழியில் தாக் என்றால் மலை. இரண்டாவது புள்ளி, அதற்குத் தென்மேற்கே கொன்யா சமவெளியில் இருக்கும் சத்தல்ஹுயூக் என்ற மண்மேடு. கி.மு. 7100 வாக்கில் குடியேறியவர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் வீட்டின் மேல் வீடு கட்டி வாழ்ந்ததால் எழுந்த மேடு அது. கோல்லு மலையில் விளைந்த கறுப்புக் கண்ணாடிக் கல் இந்த மேட்டில் தோண்டிய இடமெல்லாம் கிடைக்கிறது. இரண்டு புள்ளிகளையும் அளவுகோல் வைத்து இணைத்தால் கோட்டின் நீளம் ஏறத்தாழ 165 கிலோமீட்டர். ஆனால் அந்தக் கோடு ஹசன் தாக் என்ற எரிமலையின் உச்சியை உரசிக்கொண்டு போகிறது. அந்த மலையின் உயரம் 3,250 மீட்டருக்குச் சற்று மேல். முதுகில் கல் மூட்டையோடு அந்த உச்சியை ஏறி இறங்கிப் போக யாருக்கும் எந்த அவசியமும் இருந்திருக்காது.

அப்படியானால் மலையை எந்தப் பக்கமாகச் சுற்றினார்கள்? எத்தனை நாள் நடந்தார்கள்? ஒரே ஆள் மலையிலிருந்து ஊர்வரை சுமந்தாரா, ஊருக்கு ஊர் கைமாறி வந்து சேர்ந்ததா? எழுத்தும் சக்கரமும் பொதி கழுதையும் இல்லாத காலம். அவர்கள் நடந்த தடம் மண்ணில் மிஞ்சவில்லை. மிஞ்சியிருப்பவை கல்லும் நிலமும்தான். கல்லை ஆய்வுக்கூடத்திலும் நிலத்தைக் கணினியிலும் வைத்து விசாரிப்பதுதான் தொல்லியலாளர்களுக்கு இப்போதிருக்கும் வழி.

கல்லிலிருந்து தொடங்கலாம். சிலிக்கா மிகுந்த எரிமலைக் குழம்பு படிகமாக நேரமில்லாமல் சட்டென்று குளிர்ந்தால் கண்ணாடியாகிவிடும். புவியியலாளர்கள் அப்சிடியன் என்பது இதைத்தான். சரியான கோணத்தில் தட்டினால் சிப்பியின் உட்புறம் போல வளைந்து பெயர்ந்து, எஃகுக் கத்தியை விஞ்சும் கூர்மையான விளிம்பைத் தரும். கோல்லு மலைச்சரிவில் உள்ள கலெதெப்பே என்ற இடத்தில், இந்தக் கல்லிலிருந்து நீண்ட கத்தித் தகடுகளை ஒரே அச்சாகப் பெயர்த்தெடுத்த புதிய கற்காலப் பட்டறையே தோண்டியெடுக்கப்பட்டிருக்கிறது. சத்தல்ஹுயூக்கிலோ, வீட்டின் அடுப்படித் தரைக்கு அடியில் அரைகுறையாகச் செதுக்கிய கற்களைக் கொத்தாகப் புதைத்து வைத்திருந்தார்கள். நம் பாட்டிமார் அரிசிப் பானைக்குள் காசு முடிந்து வைத்த மாதிரிதான். அதே கல்லைப் பளபளவென்று தேய்த்து முகம் பார்க்கும் கண்ணாடியும் செய்தார்கள்.

வரலாற்றுக்கு இந்தக் கல்லால் கிடைக்கும் பெரிய உதவி அதன் கூர்மை அல்ல, அதன் ரேகை. ஒவ்வொரு எரிமலைக் குழம்பிலும் பேரியம், சிர்கோனியம், ரூபிடியம், ஸ்ட்ரான்சியம் போன்ற தனிமங்கள் வெவ்வேறு விகிதத்தில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும். ஒரே குழம்பில் பிறந்த கற்களில் அந்த விகிதம் மாறாது. 1964இல் ஜோ கேன், கொலின் ரென்ஃப்ரூ என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் இருவரும் இந்த விகிதங்களை அளந்து மத்தியதரைக்கடல் பகுதிக் கற்களை அவற்றின் பிறந்த மலையோடு சேர்த்துவைத்தார்கள். அன்று கல்லில் கொஞ்சம் பொடித்து எரித்துத்தான் பார்க்க முடிந்தது. இன்று கையில் பிடிக்கும் எக்ஸ்ரே கருவியைச் சில்லின் மேல் வைத்தால் சில நிமிடங்களில், கல்லுக்குக் கீறல்கூட இல்லாமல், விடை வந்துவிடுகிறது.

எல்லா இடத்திலும் இவ்வளவு சுலபமாக அமைந்துவிடுவதில்லை. கிழக்குத் துருக்கியில் பிங்கோல், நெம்ருத் தாக் என்று இரண்டு ஊற்றுகள், அதாவது இந்தக் கல் விளைந்த இடங்கள் உள்ளன. சிலைத் தலைகளுக்குப் பேர்போன நெம்ருத் மலை வேறு. இது வான் என்ற பெயருள்ள ஏரியின் கரையில் இருக்கும் எரிமலை. இரண்டுக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர். ஆனால் இரண்டிலும் சோடியமும் பொட்டாசியமும் அலுமினியத்தை விஞ்சும் அளவுக்கு இருப்பதால், ஒளிக்கு எதிரே பிடித்தால் பச்சைச் சாயல் காட்டும் ஒரே ஜாதிக் கற்களாகத் தெரிந்தன. வெகுகாலம் அறிக்கைகளில் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்தே எழுதிவந்தார்கள். பாதை தேடுகிறவருக்கு இது சிறிய குழப்பம் அல்ல. புறப்பட்ட இடமே இரண்டாக இருந்தால் கணினி என்ன செய்யும்?

1966இல் ரென்ஃப்ரூவும் கூட்டாளிகளும் அடுத்த அடியை எடுத்துவைத்தார்கள். ஊற்றிலிருந்து சுமார் 300 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர்களில், சில்லுக் கற்கருவிகளில் 80 சதவீதத்துக்கு மேல் எரிமலைக் கண்ணாடி. அந்த எல்லையைத் தாண்டியதும் விகிதம் மளமளவென்று சரிகிறது. கோல்லு மலையிலிருந்து நேர்கோட்டில் 700 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எரிகோ நகருக்குச் சில துண்டுகளே போய்ச் சேர்ந்தன. இந்தச் சரிவைப் பார்த்து ரென்ஃப்ரூ சொன்ன விளக்கம் எளிமையானது: அருகில் இருப்பவர்கள் தாங்களே போய் எடுத்துவந்தார்கள், தங்கள் தேவைக்கு வைத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்த ஊருக்குக் கொடுத்தார்கள், அந்த ஊரும் அப்படியே செய்தது. கைமாறக் கைமாறக் கல் தேய்ந்தது.

அழகான விளக்கம்தான். அதில் தூரம் எல்லாம் காகம் பறக்கும் தூரம் என்பதுதான் குறை. மலையும் ஆறும் பனியும் சதுப்பும் இல்லாத தட்டையான காகிதத்தில் போட்ட கணக்கு அது. சுமைதூக்கி நடக்கிறவருக்குத் தூரம் கிலோமீட்டரில் இல்லை, பொழுதில் இருக்கிறது. நம் கிராமத்தில் வழி கேட்டால் இன்றும் 'ரெண்டு நாழிகை நடை' என்று சொல்லும் பெரியவர்கள் இதை அறிந்தவர்கள்.

கிலோமீட்டரை மணிநேரமாக மாற்றும் வேலையைத்தான் ஜி.ஐ.எஸ். எனப்படும் புவியியல் தகவல் முறைமை செய்கிறது. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள் சுற்றி, ரேடார் மூலம் உலக நிலப்பரப்பின் 80 சதவீதத்துக்கு உயரம் அளந்தது. அந்தத் தரவு இன்று யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் 30 மீட்டர் கட்டங்களாக இருக்கிறது. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண், அதாவது கடல்மட்டத்திலிருந்து உயரம். 300 கிலோமீட்டருக்கு 300 கிலோமீட்டர் பரப்பை எடுத்தால் 10 கோடிக் கட்டங்கள்.

ஒரு கட்டத்திலிருந்து அடுத்ததற்குக் கால்வைக்க எவ்வளவு நேரம் ஆகும்? இங்கேதான் வால்டோ டோப்ளர் என்ற அமெரிக்கப் புவியியலாளர் 1993இல் எழுதிவைத்த ஒற்றை வரிச் சூத்திரம் வருகிறது. அதன்படி சமதரையில் மனிதர் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பார். 30 மீட்டர் கட்டத்தைக் கடக்க 21 விநாடி. 100 மீட்டருக்கு 5 மீட்டர் இறங்கும் இலேசான சரிவில் வேகம் உச்சத்துக்கு, மணிக்கு 6 கிலோமீட்டருக்குப் போகும், 18 விநாடி. அதே 30 மீட்டருக்குள் 3 மீட்டர் ஏற வேண்டியிருந்தால் 31 விநாடி. 15 மீட்டர் ஏற வேண்டியிருந்தால் இரண்டு நிமிடத்துக்கும் மேல். செங்குத்தான இறக்கமும் வேகத்தைக் குறைக்கும். மலைக்கோயில் படியில் இறங்கி முழங்கால் நோவு கண்டவர்களுக்கு விளக்க வேண்டாம். போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இராது என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது.

இந்தச் சூத்திரத்தின் பூர்விகம் வேடிக்கையானது. டோப்ளர் இதற்கு எடுத்துக்கொண்டது, சுவிட்சர்லாந்தின் வரைபட வல்லுநர் எட்வர்ட் இம்ஹோஃப் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் தந்திருந்த நடைவேக அளவுகள். ஆக, பூட்ஸ் போட்ட சுவிஸ் கால்களின் வேகத்தில்தான் ஒன்பதாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அனடோலியக் (இன்றைய துருக்கி) கிராமத்தார் கணினிக்குள் நடந்துகொண்டிருக்கிறார்கள். பாதையில்லாத நிலத்தில் நடந்தால் வேகத்தை 0.6ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள் என்று டோப்ளரே சொல்லியிருக்கிறார். சுமையைக் கணக்கில் சேர்க்க விரும்புகிறவர்கள், 1977இல் அமெரிக்க ராணுவ ஆய்வாளர்கள் மூட்டை சுமக்கும் படைவீரர்களை வைத்து வகுத்த வேறொரு சூத்திரத்தை எடுத்துக்கொள்கிறார்கள்.

கட்டத்துக்குக் கட்டம் நேரம் தெரிந்துவிட்டது. இனி, கோடிக்கணக்கான வழிகளில் மொத்த நேரம் எதில் குறைவு என்று பார்க்க வேண்டும். அதற்கான செய்முறை நெதர்லாந்துக் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959இல் வெளியிட்டது. வருங்கால மனைவியோடு ஆம்ஸ்டர்டாமில் கடை கடையாகச் சுற்றிக் களைத்துக் காபி குடிக்க உட்கார்ந்தபோது, பேனாவும் காகிதமும் இல்லாமல் 20 நிமிடத்தில் யோசித்தது என்று அவரே பிறகு சொன்னார். குளத்தில் கல் போட்டால் அலை விரிவதுபோல, புறப்பட்ட கட்டத்திலிருந்து நேரம் வெளியே பரவுகிறது. சமதரையில் அலை வேகமாக ஓடும், மலையில் திணறும். சேரவேண்டிய ஊரை அலை தொட்டதும், அது வந்த வழியே பின்னோக்கிப் பிடித்துவந்தால் பாதை கிடைத்துவிடும். கைபேசியில் வழிகாட்டும் செயலிகளுக்கும் அடிப்படை இதே யோசனைதான்.

இப்போது கோல்லு மலைக்கு வருவோம். 165 கிலோமீட்டரும் சமதரையாக இருந்தால் டோப்ளர் கணக்கில் 33 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நடந்தால் நான்கு நாளுக்குச் சற்று மேல். பாதையில்லா நிலம் என்று வைத்தால் 55 மணி, ஏழு நாள். ஹசன் மலையைச் சுற்றும் வளைவும் சுமையும் சேர்ந்தால் இன்னும் கூடும். இந்த மணிக்கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. போகவர அரை மாதத்துக்கு மேல் ஆகிற பயணம் என்றால், விதைப்புக்கும் அறுப்புக்கும் இடையே ஊரிலிருந்து யாரை அனுப்ப முடியும், வழியில் என்ன சாப்பிடுவார்கள், யார் ஊரில் படுப்பார்கள் என்று அடுத்தடுத்த கேள்விகள் தானாக எழுகின்றன.

பாதையாக வரும் கோட்டை மட்டும் அப்படியே நம்பிவிடக் கூடாது. மலையின் ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் நேர வித்தியாசம் கொஞ்சமாக இருந்தால், சூத்திரத்தில் ஓர் எண்ணை இலேசாக மாற்றினாலே கோடு மறுபுறம் தாவிவிடும். திரையில் அது மெல்லிய சிவப்புக் கோடாக, தாசில்தார் கையெழுத்துப் போட்டதுபோல் உறுதியாகத் தெரிவதுதான் ஆபத்து. கொன்யா சமவெளியில் சிக்கல் வேறு மாதிரி. தரவில் அது தட்டை, நடக்கச் சுகமான இடம். ஆனால் சத்தல்ஹுயூக்கைச் சுற்றியிருந்த ஆற்று வண்டல் நிலம் அன்று எவ்வளவு வெள்ளக்காடாக இருந்தது, எவ்வளவு காய்ந்து கிடந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் வழக்கு தீரவில்லை. வசந்தகால வெள்ளத்தில் முழங்கால் சேறு என்று வைத்தால் பாதை சமவெளியின் ஓரமாக ஒதுங்கும். உலர்நிலம் என்று வைத்தால் நேரே பாயும். முடிவைக் கணினி எடுப்பதில்லை. சதுப்புக்கு என்ன விலை போடுவது என்று உட்கார்ந்து யோசிக்கும் ஆள் எடுக்கிறார்.

கிழக்கே யூப்ரடீஸ் நதிக்கரைக்குப் போனால் இதைவிட அப்பட்டமான பொறி ஒன்று காத்திருக்கிறது. 2000இல் ரேடார் பார்த்தபோது கெபான், கரகாயா, அதாதுர்க் அணைகள் கட்டி முடித்து நீர் நிரம்பியிருந்தது. நெவாலி சோரி என்ற புகழ்பெற்ற புதிய கற்கால ஊர் அதாதுர்க் அணை நீருக்குள் போய்விட்டது. ஆனால் உயரத் தரவில் நீர்த்தேக்கம் என்பது மேடுபள்ளமே இல்லாத பரப்பு. கவனிக்காமல் விட்டால், நிரலுக்கு அது உலகத்திலேயே நடக்க வாகான மைதானம். பிங்கோல் கல்லைத் தெற்கே கொண்டுபோகச் சொன்னால் ஏரியின் மேல் கால் நனையாமல் நடத்திக் கூட்டிப்போகும். ஏசுநாதருக்கு மட்டுமே வாய்த்தது! அதனால் பாதை தேடும் முன் பழைய நிலவரைபடங்களை வைத்து ஏரிக்கடியில் இருந்த பள்ளத்தாக்கை மீட்டு வரைய வேண்டியிருக்கிறது.

காக்கசஸ் பக்கம் பனி. ஆர்மேனியாவில் கண்ணாடிக் கல் ஊற்றுகள் பல. கிறிஸ்டீன் ஷாதேஞே, ஒலிவியே பார்ஜ் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்கள் அங்கே தூரத்தைக் கைவிட்டு, ஒவ்வொரு ஊற்றுக்கும் ஊருக்கும் இடையே நடைநேரத்தை ஜி.ஐ.எஸ். மூலம் கணக்கிட்டார்கள். கெகாசார் போன்ற ஊற்றுகள் 3,000 மீட்டருக்கு மேல் இருக்கின்றன. ஆண்டின் பெரும்பகுதி பனிமூடிக் கிடக்கும் அங்கே கல்லெடுக்கக் கோடையில்தான் போக முடியும். கோடையில் அந்த உயரத்துக்கு எப்படியும் போகிறவர்கள் யார்? ஆடுமாடு ஓட்டிக்கொண்டு மேய்ச்சலுக்குப் போகிறவர்கள். கல்லுக்காக மட்டும் யாரும் போகவில்லை, போன இடத்தில் கல்லும் எடுத்துவந்தார்கள் என்று நினைக்க இது இடம்தருகிறது. அப்போது கல்லுக்கான நடைச்செலவு என்று தனியாக ஒன்றே இல்லை.

இந்த முறையின் மிகப் பெரிய அனுமானம் இங்கே வெளிப்படுகிறது. மனிதர் எப்போதும் குறைந்த உழைப்பையே தேடுவார் என்று நிரல் நம்புகிறது. இங்கிலாந்தின் வடமேற்கில் உள்ள லாங்டேல் மலைகள் அந்த நம்பிக்கையில் மண் போடுகின்றன. புதிய கற்காலத்தில் அங்கே பச்சைச் சாம்பல் நிற எரிமலைக் கல்லில் கோடரிகள் செய்தார்கள். ரிச்சர்ட் பிராட்லி, மார்க் எட்மண்ட்ஸ் இருவரும் அந்தக் கற்சுரங்கங்களை ஆராய்ந்து 1993இல் எழுதியதில் முக்கியமான செய்தி ஒன்று இருந்தது: எளிதில் எட்டும் இடத்தில் அதே தரமான கல் இருந்தும், பைக் ஓ ஸ்டிக்கிள் போன்ற சிகரங்களின் விளிம்பில், கால் தவறினால் ஆள் மிஞ்சாத குறுகிய திட்டுகளில் போய் வெட்டியிருக்கிறார்கள். கல்லின் மதிப்பு அதன் உறுதியில் மட்டுமல்ல, எடுத்த இடத்தின் அச்சத்திலும் இருந்திருக்கிறது. அந்தக் கோடரிகள் பரவிய விதமும் ரென்ஃப்ரூவின் சரிவுக்கு அடங்கவில்லை. பென்னைன் மலைத்தொடரைத் தாண்டி, தீவின் மறுகரையில் உள்ள கிழக்கு யார்க்‌ஷயர் பக்கம் குவிந்து கிடக்கின்றன.

அதனால் அனுபவமுள்ளவர்கள் கணினிக் கோட்டை விடையாக எடுத்துக்கொள்வதில்லை. 'உழைப்பு மட்டுமே கவலை என்றால் இப்படித்தான் போயிருப்பார்கள்' என்ற ஒப்பீட்டுக் கோடு அது. கல் உண்மையில் கிடைத்த இடங்கள் அதோடு பொருந்தினால், சரி, நிலம் வகுத்த வழி. பொருந்தாமல் விலகினால் அங்கே நிலம் அல்லாத ஏதோ ஒன்று வேலை செய்திருக்கிறது: பகை ஊர், சம்பந்தி ஊர், சாமி மலை. என்னைக் கேட்டால் பொருந்தும் இடத்தைவிட விலகும் இடமே சுவாரசியம்.

ஒற்றைக் கோட்டின் கர்வத்தை அடக்க வேறு வழிகளும் வந்திருக்கின்றன. மின்சாரம் ஒரே கம்பியில் ஓடாமல், தடை குறைந்த எல்லா வழியிலும் பிரிந்து ஓடுவதுபோல மனித நடமாட்டத்தையும் பார்க்கலாம் என்று மேகன் ஹோவி 2011இல் காட்டினார். கோட்டுக்குப் பதில் ஆற்றுப்படுகைபோல் அகன்றும் குறுகியும் ஒரு பரப்பு கிடைக்கிறது. டெவின் வைட், சாரா பார்பர் இருவரும் 2012இல் மெக்சிகோவின் வஹாக்கா பகுதியில் புறப்படும் ஊர், சேரும் ஊர் என்பதையே எடுத்துவிட்டு, எல்லா இடத்திலிருந்தும் எல்லா இடத்துக்கும் பாதை போட்டார்கள். எங்கே கோடுகள் திரும்பத் திரும்ப ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவோ அது நிலமே விரும்பும் தடம். ஜெர்மனியில் இர்மெலா ஹெர்சோக் செய்தது எளிய, ஆனால் நாணயமான காரியம்: எங்கே ஓடின என்று ஏற்கெனவே தெரிந்த பழைய வணிகச் சாலைகளைக் கணினியிடம் கேட்டு, எந்தச் சூத்திரம் எவ்வளவு தவறுகிறது என்று சரிபார்த்தார். விடை தெரிந்த வினாத்தாளில் தேறாத சூத்திரத்தை விடை தெரியாததில் எப்படி நம்புவது?

கைமாறிய கதைக்கும் ஒரு திருத்தம் வந்தது. ஹுவான் ஹோசே இபாஞ்ஞெஸ் குழுவினர் 2015இல் அண்மைக் கிழக்கின் ஊர்களைக் கணினிக்குள் வைத்து, ஒன்றுக்கொன்று கல் கொடுத்து வாங்க விட்டுப் பார்த்தார்கள். பக்கத்து ஊரோடு மட்டும் பரிமாறினால், அகழாய்வில் கிடைத்த அளவுக்குக் கல் தொலைவூர்களுக்குப் போய்ச்சேரவில்லை. சில ஊர்கள் இடையிலுள்ளவர்களைத் தாண்டித் தொலைவில் உள்ள ஊர்களோடு நேரடி உறவு வைத்திருந்தால்தான் கணக்கு ஒத்துவந்தது. இடையே பல நாள் நடை இருந்தும் உறவு விட்டுப்போகாத ஊர்கள் அவை.

சத்தல்ஹுயூக்கின் ஒரு வீட்டுச் சுவரில் 1960களில் அங்கே அகழாய்வு செய்த ஜேம்ஸ் மெல்லார்ட் கண்டெடுத்த ஓவியம் ஒன்று இருக்கிறது. கீழே கட்டங்கட்டமாக வீடுகள் போன்ற வடிவங்கள். மேலே புள்ளிகள் நிறைந்த இரட்டைச் சிகரம். ஊரும், குமுறும் ஹசன் மலையும் என்றார் அவர். சிறுத்தைத் தோலும் வெறும் கோலமும்தான் என்று மறுத்தவர்கள் உண்டு. 2014இல் ஹசன் மலை உச்சியின் நுரைக்கல்லைக் காலக்கணிப்புச் செய்தபோது சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன், ஊர் இருந்த காலத்தை ஒட்டி, அது வெடித்தது தெரியவந்தது. நம் நிரலில் அந்த மலை சிவப்பு நிறத்தில், கடக்கக் கூடாத செலவாக மட்டும் இருக்கிறது. கல் தேடிப் புறப்பட்டவருக்கோ, 130 கிலோமீட்டர் தள்ளியிருந்தாலும் தெளிவான காலையில் கண்ணில் படக்கூடிய அடையாளம் அது. அதைப் பார்த்து நடந்தால் கல் இருக்கும் மலை அதற்கு அப்பால்தான். எங்கிருந்து எது கண்ணுக்குத் தெரியும் என்றும் இதே உயரத் தரவை வைத்து ஜி.ஐ.எஸ். கணக்கிடும். மலை கண்ணில் படும் கட்டங்களுக்குச் செலவைக் குறைத்துவைத்து மறுபடி ஓட்டினால், அலை வேறு விதமாக விரிந்து வேறு வழியாகக் கொன்யாவில் இறங்கலாம்.